நிமிஷத்துக்கு ஐம்பத்தாறு

டோக்கன் முப்பத்தொன்று. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கில் பதினாலு என்று எரிந்தது. அரைமணி நேரமாகப் பதினாலாகவே எரிந்துகொண்டிருந்தது. பூங்கனி பெஞ்சின் ஓரத்தில் ஒரு கையைப் பின்னால் ஊன்றி, ஒரு கையை வயிற்றில் வைத்து உட்கார்ந்திருந்தாள். மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி, மூணாவது மாடி, வயிற்றுப் பிள்ளையின் இருதயத்தைப் படம் பிடித்துப் பார்க்கிற ரூம் வாசல். அஞ்சு மாசம் ஆகியிருந்தது. நாலாம் மாசத்திலிருந்து வாராவாரம் புதன்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். இது அஞ்சாவது புதன். கையை வைத்தால் துடிப்பு தெரியாது, அசைவுதான் தெரியும், அதுவும் சரியாகத் தெரிகிற மாசம் இன்னும் வரவில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் கை அங்கேதான் போய் உட்காருகிறது. எடுத்து மடியில் வைப்பாள். வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருக்கும்போது அது திரும்பப் போயிருக்கும். கை போனால் பின்னாலேயே அந்த எண் வந்துவிடும். ஐம்பத்தாறு. நிமிஷத்துக்கு ஐம்பத்தாறு. காலையில் பல் தேய்க்கும்போது வந்தது. மகளுக்குத் தலை பின்னும்போது வந்து, பின்னல் கோணி, மறுபடி அவிழ்த்துப் பின்ன வேண்டியதாயிற்று. பஸ்ஸில் வரும்போது முன்னால் போன லாரியின் நம்பரில் ஐம்பத்தாறைப் பார்த்துவிட்டு மூணு ஊர் தாண்டும்வரை கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். மூடினாலும் உள்ளே எரிந்தது, இந்தக் கதவுக்கு மேலே எரிகிற பதினாலு மாதிரி.

பக்கத்தில் மாமியார் வெள்ளத்தாய் செருப்பைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிட்டுச் சம்மணம் கூட்டி உட்கார்ந்து எதிர்ப் பெஞ்சுக்காரியிடம் பேச்சைத் தொடங்கிவிட்டாள். வெள்ளத்தாய்க்கு ஆஸ்பத்திரி, கல்யாண வீடு, ரேஷன் கடை எல்லாம் ஒன்றுதான், உட்கார இடமும் கேட்க ஒரு காதும் இருந்தால் போதும். "நாங்க செங்காட்டூரு. அருப்புக்கோட்டைக்கு இந்தப் பக்கம். இது எம் மருமக. ஊர்ல பாதிப் பேருக்கு இவதான் ஜாக்கெட் தைக்கா. மூத்தது பொண்ணு, ஒண்ணாப்பு படிக்கா, வாய் காது வரைக்கும். நடுவுல ஒண்ணு தங்கல." தங்கல. பூங்கனிக்கு அந்தச் சொல்லில் மனசு மாட்டிக்கொண்டது, மிஷினில் பாபின் நூல் சுற்றிக்கொண்ட மாதிரி. விருந்தாளி காப்பியைக் குடித்துவிட்டு, இன்னொரு நாள் வந்து தங்குறேன் என்று சொல்லிக் கிளம்பிப் போனது மாதிரி. எட்டாம் மாசத்தில் எடுத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் நாலு நாள் கிடந்தது. கிடந்தான். ஆம்பளைப் பிள்ளை. நகமெல்லாம் முழுசாக இருந்தது. "என்னத்தா ஆச்சு?" என்றாள் எதிர்ப் பெஞ்சுக்காரி. "எங்க ஊர்ல ஒரு நர்ஸு இருந்தா தாயி. வாய் சரியில்லாதவ. வயித்துல எதையோ வச்சுக் கேட்டுட்டு, துடிப்பு சரியில்லன்னு வாய் வச்சா பாரு, அதோட சரி." எதிர்ப் பெஞ்சுக்காரி உச்சுக் கொட்டினாள். அத்தை இந்தக் கதையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்? ஒவ்வொரு தடவையும் ஒரு வார்த்தை கூடி, ஒரு வார்த்தை குறைந்து, இப்போது கேட்பவர்கள் மனசுக்கு அப்படியே பொருந்துகிற அளவுக்குத் தேறிவிட்டது. இடையில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், முழுக்கதையும் பிரிந்துவிடும். பூங்கனி சொன்னது, "அத்த, அந்தத் தண்ணி பாட்டில எடுங்க" என்பதுதான்.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியிருந்தது. அவளுக்கு எச்சில் ஊறாது. முறுக்கு, பிஸ்கட்டு, வடை எதுவானாலும் ஒரு வாய்க்கு ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டும். கண்ணில் எந்நேரமும் ஆற்றுமணல் விழுந்த மாதிரி உறுத்தும். நாலு வேளைக்குச் சொட்டு மருந்து. முதலில் மிஷினையே வெறித்துக்கொண்டிருப்பதால் கண்சூடு என்றுதான் நினைத்தாள். வெந்தயம் ஊறப்போட்டுக் குடித்தாள், எண்ணெய் தேய்த்துக் குளித்தாள், எண்ணெய்தான் மிச்சம். அப்படி அவள் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த வருஷத்தில்தான் அந்தப் பிள்ளையை அடக்கம் பண்ணினார்கள். அன்றைக்கு அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. தொண்டை அழுதது, நெஞ்சு அழுதது, பால் கட்டின மார்பு அதுபாட்டுக்கு நனைந்து சேலையெல்லாம் ஈரம், கண் மட்டும் வேறு யாருடைய கண்ணோ மாதிரி வறண்டு கிடந்தது. தெருப் பொம்பளைகள் சுற்றி உட்கார்ந்து, "அழுதுரு தாயி, அழுதாத்தான் பாரம் இறங்கும்" என்றார்கள். அவளும் முகத்தைக் கோணினாள், முந்தானையை வைத்துத் தேய்த்தாள், கண் சிவந்ததே தவிர நனையவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய் ரெண்டு வெங்காயம் உரித்துவிட்டு வந்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தாள். பெத்த பிள்ளை சாவுக்கு வெங்காயம் தேடினவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். வெங்காயத்துக்கும் வராது என்பது அப்போது தெரியாது. மத்தியானம் ஆக ஆக ஆறுதல் குரல்கள் இறங்கி, கிசுகிசு ஏறியது. "பெத்தவ கண்ணுல ஈரத்தையே காணோமே." "கல்லுத்தான்." "பொட்டப் பிள்ள ஒண்ணு இருக்குல்ல, போதும்னு இருக்கா போல." அது அவள் காதில் விழுகிற மாதிரிதான் சொல்லப்பட்டது.

அப்போதுதான் வெள்ளத்தாய் எழுந்தாள். கூந்தலை அள்ளி முடிந்துகொண்டு தெருவைப் பார்த்து நின்று, "எம் மருமக மரத்துப்போயி உக்காந்திருக்கா! அவளப் பேசாதீக! எம் பேரன முழுங்குனது அந்த நர்ஸு! அவ வாய்தான் முழுங்குச்சு! ஊசியப் போட்டா, வாய வச்சா, பிள்ளையத் தூக்கிட்டா!" என்று கத்தினாள். அத்தனை கண்ணும் பூங்கனியை விட்டு எழுந்து, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் இருந்த நர்ஸ் வீட்டுப் பக்கம் போயிற்று. உச்சி வெயிலில் நிற்கிறவள் தலைக்கு மேலே யாரோ குடை பிடித்த மாதிரி இருந்தது. மாமியார் பிடித்த குடை. அதற்கு முன்னேயும் பின்னேயும் அத்தை அவளுக்காக அப்படி ஒன்று செய்ததில்லை. அந்தக் குடையை விட்டு வெளியே வர மனசில்லாமல்தான், பதினாறாம் நாள், மனு எழுத ஊரில் ஆள் தேடினபோது, பேனாவை வாங்கித் தானே எழுதினாள். பத்தாவது வரைக்கும் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டி என்றால் அவள்தான் முதல். கோடு போடாத தாளில் கோடு போட்ட மாதிரி எழுதுவாள். 'மேற்படி செவிலியர் ஊசி போட்ட நாள் முதல் குழந்தையின் அசைவு குறைந்தது.' எல்லா வயிற்றுப் பிள்ளைக்காரிக்கும் போடுகிற அதே ஊசி. மேற்படி. அந்த மேற்படியை எழுதும்போது கை ஒருதரம் நின்றது, அதுவும் அடுத்த வரிக்கு இடம் விட வேண்டுமே என்பதற்காக. நாற்பத்தியொரு கையெழுத்து, அதில் பதினேழு கைநாட்டு. திங்கள்கிழமை மனுநாளில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். ரெண்டு மாசத்தில் நர்ஸ் ஜெசிந்தாவை வடக்குப் பாறைப்பட்டிக்கு மாற்றிவிட்டார்கள். சாமானை ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். பூங்கனியிடம் தைக்கக் கொடுத்திருந்த துணியையும் கேட்கவில்லை, அளவு ஜாக்கெட்டையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எடுத்துக் கொடுத்திருக்கலாம். கேட்காமல் போனாள் பார், அதுதான்.

பதினெட்டு. விளக்கு எப்போது மாறியது என்றே தெரியவில்லை. நடுவில் மூணு பேர் வராமல் இருந்திருப்பார்கள். உள்ளிருந்து வந்த ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை; ஜெல்லைத் துடைத்த துணியைச் சேலையில் மறந்து செருகிக்கொண்டு நேரே படிக்கட்டுக்குப் போய்விட்டாள். ஐம்பத்தாறா? நூற்று நாற்பதா? முகத்தில் எழுதியிருக்கக் கூடாதா. அன்றைக்கு ஜெசிந்தா முகத்தில் எழுதியிருந்தது. அங்கன்வாடியில் பாயைப் போட்டுப் படுக்கவைத்து, வயிற்றில் கருவியை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒருதரம் எண்ணினாள். முகம் மாறியது. இன்னொருதரம். பிறகு பூங்கனியின் மணிக்கட்டைப் பிடித்து அவள் நாடியைத் தனியாக எண்ணிவிட்டு, மூணாவது தரம். "பூங்கனி, பயப்படாத. நிமிஷத்துக்கு ஐம்பத்தாறு வருது. நூத்தியிருபதுக்குக் கொறையக் கூடாது. இன்னிக்கே மதுரைக்குப் போயிரு. நானும் கூட வாரேன்." தனியாக நாடியை எண்ணிப் பார்த்தாளே, அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அத்தைதான், "உனக்கு எண்ணத் தெரியல. அது தாயோட நாடி. எம் பேரன் நல்லாத்தான் இருக்கான்" என்று பாயைச் சுருட்டினாள். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க நாள் குறித்திருந்தது. முழுகாமல் இருக்கிற மருமகள் வாசலில் நின்று முதல் அரிசி போட வேண்டும். ஆஸ்பத்திரி என்று போய் அங்கேயே படுக்கவைத்துவிட்டால் என்ன செய்ய? புருஷன் காளிராஜ் தண்ணி லாரியை நிறுத்திவிட்டு வந்து, "பொங்கல் முடிச்சுப் போவோம்" என்றான். பதினோரு நாள். ஜெசிந்தா அந்தப் பதினோரு நாளும் வாசலுக்கு வந்தாள், ஒரு நாளைக்கு ஒருதரம். நாலாவது நாளிலிருந்து கதவைச் சாத்தி வைத்துக்கொண்டார்கள். பூங்கனி உள்ளே இருந்து குரலைக் கேட்டாள். "பூங்கனி, இருக்கியா?" இருந்தாள்.

அத்தை இப்போது டிபன் பாக்ஸைத் திறந்து புளிச்சோற்றை எதிர்ப் பெஞ்சுக்காரிக்கும் ஒரு கை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். "நீயும் ரெண்டு வாய் போடு." "வேண்டாம் அத்த." "வயித்துல இருக்கிறதுக்குப் பசிக்காதா?" வயித்துல இருக்கிறதுக்குத் தாயின் ரத்தத்திலிருந்து எல்லாம் போகும். சோறு போகும், காற்றுப் போகும், அதுவும் போகும். அது. அதற்கு டாக்டரம்மா சொன்ன பெயர் ஆன்டிபாடி. பல் ஒவ்வொன்றாகச் சொத்தை விழுந்து, கண் டாக்டரிடம் போய், அவர் மூட்டு டாக்டரிடம் அனுப்பி, ரத்தம் எடுத்து, போன வருஷம்தான் தெரிந்தது. டாக்டர் மெகருன்னிசா. மெலிந்த அம்மா, பேசும்போது பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மூடுவாள். "நோய்க்கிருமி வந்தா அடிக்கிறதுக்கு உடம்பு ஆன்டிபாடின்னு ஒண்ணு தயார் பண்ணும்மா. உனக்கு அது ஆள் தெரியாம உன் உடம்பையே அடிக்குது. கண்ணீர் சுரக்கிற இடம், எச்சில் சுரக்கிற இடம். முன்ன ஒரு குழந்தை தவறிச்சுன்னியே, என்னாச்சு?" இருதயம் மெதுவாக அடித்தது என்று பூங்கனி சொன்னதும் பேனா மூடி நின்றது. அந்த நிற்றலிலேயே அவளுக்குப் பாதி தெரிந்துவிட்டது. அது தொப்புள்கொடி வழியாக உள்ளே போகும். பிள்ளையின் இருதயத்தில் மேலறை அடித்த செய்தியைக் கீழறைக்குச் சொல்ல ஒரு கம்பி மாதிரி இருக்குமாம், அதைப் போய் அரித்துவிடும். அறுந்த கம்பி பிறகு ஒட்டாது. "பதினோரு நாள் முன்னால வந்திருந்தா பிழைச்சிருக்குமா டாக்டரம்மா?" என்று கேட்டாள். டாக்டரம்மா பொய் சொல்லாத ஜாதி. "சொல்ல முடியாதும்மா. அன்னிக்கே முழுசா அறுந்திருந்தா முடிஞ்சிருக்கும். பாதியில இருந்திருந்தா மருந்து பாத்திருக்கலாம்." பாதி. அந்தப் பாதியைத்தான் ஒரு வருஷமாகத் தின்று தீர்க்க முடியாமல் வைத்திருக்கிறாள்.

"இது எங்க இருந்து எனக்கு வந்துச்சு? எங்க அம்மாவுக்கு இல்ல, எங்க அக்காவுக்கு இல்ல" என்று கேட்டாள். டாக்டரம்மா ஆராய்ச்சிக்கு என்று ரெண்டு குழாய் ரத்தம் கேட்டு வாங்கினாள். ஆறு மாசம் கழித்து ஒரு தாளைக் காட்டினாள். நாலே நாலு எழுத்து, மாறி மாறி, எறும்பு வரிசை மாதிரி; மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை, கீழ் வரிசையில் அங்கங்கே சிவப்பு. வெள்ளை அணுவில் ஒரு வகை இருக்கிறதாம், பி செல் என்று பேர். ஆன்டிபாடியைச் செய்வது அதுதான். மற்ற செல்லெல்லாம் பிறந்தபோது கொடுத்த மரபணு எழுத்தை அப்படியே காப்பாற்றும். இந்த பி செல் மட்டும், கிருமி வந்துவிட்டால், ஆன்டிபாடிக்கான எழுத்தைத் தானே மாற்றும். ஒரு எழுத்தை மாற்றும், கிருமியில் வைத்துப் பார்க்கும், நன்றாகப் பிடித்தால் அதை வைத்துக்கொண்டு இன்னொரு எழுத்தை மாற்றும். "அப்படி மாத்தி மாத்தித்தான் நல்ல பிடிமானம் கிடைக்கும். எல்லாருக்கும் நடக்கிறதுதான்" என்றாள் டாக்டரம்மா. பூங்கனிக்கு டக்கென்று பிடிபட்டது. "அளவு ஜாக்கெட்ட வச்சுத் தைக்கிற மாதிரி. கையில ஒரு நூல் பிடிச்சு, இடுப்புல ஒரு நூல் விட்டு, போட்டுப் பாத்து, திரும்பப் பிடிச்சு." டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அதேதான்! அதேதான்! அப்படித் தைக்கிறப்ப, சொந்த உடம்புக்குப் பொருந்துற மாதிரி ஒண்ணு வந்துட்டா, அத வெட்டிக் குப்பையில போட்டுரணும். உனக்கு அதப் போடாம விட்டுருச்சு. இந்த ஒரு செல்லுல மட்டும் இருபத்தி மூணு எழுத்து மாறியிருக்கு பாரு. உன் உதாரணத்த நான் மாணவங்களுக்குச் சொல்லப் போறேன்." சொல்லட்டும். இருபத்தி மூணு தரம் போட்டுப் பார்த்து, இருபத்தி மூணு தரம் ஒரு நூல் பிடித்து, ஒரு சுருக்கம் விழாமல் அவள் உடம்புக்கே கச்சிதமாகத் தைத்து வைத்திருக்கிறது. இத்தனை வருஷத்தில் அவள் தைத்த ஜாக்கெட் ஒன்றுகூட அவ்வளவு பொருத்தமாக வந்ததில்லை. யார் அதன் கையில் அவளை அளவுக்குக் கொடுத்தது? வேறு யாரோ வருவார் என்று தைத்ததா, இல்லை, அவளைத் தெரிந்தேதான் தைத்ததா? "என் பொண்ணுக்கு இது போகுமா?" என்று கேட்டாள். "குடும்ப வாகுன்னு கொஞ்சம் வரலாம். ஆனா இந்த எழுத்து மாத்தம் உன்னோட சரி, பிள்ளைக்குப் போகாது. வயித்துல இருக்கிறப்ப தைச்ச துணி மட்டும் போகும்." தைத்த துணி மட்டும். அவனுக்கு அவள் கையால் தைத்துப் போட்ட ஒரே உடுப்பு.

இருபத்தாறு. வீட்டில் யாரிடமும் அவள் இதைச் சொல்லவில்லை. ரத்தத்தில் சத்துக் குறைவு, தினம் மாத்திரை சாப்பிடணும் என்று மட்டும் சொன்னாள். அந்த மாத்திரையைப் போட்டால் ஆபத்து பாதியாகக் குறையும் என்று டாக்டரம்மா சொன்னாள். ஏற்கெனவே ஒரு பிள்ளை அப்படிப் போனவர்களில், நூறு பேருக்குப் பதினாறு பதினேழு பேருக்கு அடுத்த பிள்ளைக்கும் வரும். மாத்திரை போட்டால் ஏழோ எட்டோ. மூத்தவள் தனுஸ்ரீ தப்பித்தாள். அப்போது இந்தச் சனியன் தைத்து முடித்திருக்காதோ, இல்லை, முடித்தும் அவளைத் தொடாமல் விட்டதோ, அது யாருக்கும் தெரியாது. ஏழோ எட்டோ. நூறு பிள்ளைக்காரிகளை இந்த வராந்தாவில் வரிசையாக உட்கார வைத்தால் ஏழு பேர். இந்தப் பெஞ்சு முழுக்க என்று வைத்துக்கொள். அவள் பெஞ்சை எண்ணினாள்; தன்னோடு சேர்த்து ஏழு பேர் இருந்தார்கள். எழுந்து சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். "கால் மரத்துருச்சா?" என்றாள் அத்தை. "ஆமா அத்த." சொல்லியிருக்கலாம், போன வருஷமே, தாள் கைக்கு வந்த அன்றைக்கே. பஸ் ஏறி வடக்குப் பாறைப்பட்டிக்குப் போய், ஜெசிந்தாக்கா, நீங்க எண்ணினது சரி என்று நாலு வார்த்தை. கிளம்பாமல் இல்லை. ஒருதரம் சேலையெல்லாம் கட்டிவிட்டாள். அன்றைக்கென்று பார்த்து ஒருத்தி கல்யாண ஜாக்கெட்டுக்கு வந்து நின்றாள். அப்பாடா என்று இருந்தது. அப்பாடா என்று இருந்ததே, அதை யாரிடம் போய்ச் சொல்ல? சொன்னால் குடை போய்விடும். கல்நெஞ்சுக்காரி என்றவர்கள் பிள்ளைதின்னி என்பார்கள். பேச்சுக்கு இல்லை, ரத்தம் எடுத்து, தாளில் அச்சடித்து, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டுச் சொல்வார்கள்.

முப்பத்தொன்று என்று எரிந்ததைக் காளியம்மன் சூலத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். உள்ளே ஏசி, இருட்டு, டாக்டர் இளவயசுக்காரர், காதோரம் மட்டும் நரை. அத்தையைக் கதவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்காரச் சொன்னார். ஜெல் குளிர்ந்தது. திரையில் சாம்பல் நிறத்தில் மழைத்தண்ணீர் மாதிரி ஏதோ ஓடியது, அதற்குள்ளே ஒரு சின்ன முடிச்சு விரிந்து சுருங்கியது. பூங்கனி திரையைப் பார்க்கவில்லை; டாக்டரின் புருவத்தைப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. போச்சு. ஐம்பத்தாறு. டாக்டர் கருவியை ஒரு விரற்கடை நகர்த்தினார். "இந்தக் குழந்தை ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது." ஒரு பொத்தானை அழுத்தினார், ரூம் முழுக்கச் சத்தம் நிறைந்தது, மிஷின் நேர்த்தையலில் ஓடுகிற மாதிரி, நிற்காமல், மூச்சு விடாமல். இவ்வளவு வேகமாக ஓடக்கூடியதா என்று பயமாகக்கூட இருந்தது. "நூத்தி நாப்பத்திரெண்டு. மேல அடிக்கிறது கீழ சரியா வருது. நல்லாருக்கு" என்றார். அத்தை ஸ்டூலிலிருந்தே, "முருகா" என்றாள். சந்தோஷம் வரும் என்றுதான் பூங்கனி இருந்தாள். வந்தது வேறு. ஏழு நாள் என்று வந்தது. அடுத்த புதன் வரைக்கும் ஏழு நாள், இந்தச் சத்தத்துக்கு ஏழு நாளைக்கு யாரும் காவல் இல்லை.

டாக்டரும் அதையே சொன்னார், கையைத் துடைத்துக்கொண்டே. "வாரத்துக்கு ஒருக்க பார்க்கிறது போதாதும்மா. இன்னைக்கு நல்லாருக்கிறது நாளைக்கே மாறிடலாம். மாறின சில மணி நேரத்துக்குள்ள பிடிச்சா மருந்துக்கு வேலை இருக்கு. இன்னும் ஆறு வாரம், தினமும் ரெண்டு வேளை துடிப்பு கேட்கணும். கொறஞ்சாலோ தடுமாறினாலோ உடனே கிளம்பி வரணும். உங்க ஊர்ல சிஸ்டர் இருக்காங்கல்ல? அவங்ககிட்ட துடிப்பு கேட்கிற டாப்ளர் மிஷின் இருக்கும்." "இருக்காக சார்" என்றாள் வெள்ளத்தாய், கண்ணிமைக்காமல். "தங்கமான பொண்ணு. வீட்டுக்கே வந்து பாப்பா." டாக்டர் தாளை இழுத்தார். "லெட்டர் தர்றேன். சிஸ்டர் பேர் என்ன?" பூங்கனி, "நானே ஒரு மிஷின வச்சுக் கேட்டா ஆகாதா சார்?" என்றாள். "ஆரம்பத்துல உன் நாடியையே பிள்ளை நாடின்னு எண்ணிருவே. பழகின காது வேணும். அவங்க பக்கத்துல இருந்து சொல்லிக் கொடுத்தா நாளாவட்டத்துல நீயும் பழகலாம். பேரைச் சொல்லும்மா, வெளிய இன்னும் பத்துப் பேர் இருக்காங்க." பேரைச் சொல்லுவதற்கு வாயில் ஈரம் இல்லை. "ஜெசிந்தா சார். ஆனா இப்ப இல்ல. நாங்க மனுப் போட்டு மாத்திட்டோம். அதுக்கப்புறம் ரெண்டு வருஷமா யாரும் வரல." "எதுக்கு மனு?" "முன்ன இருந்த பிள்ளைக்குத் துடிப்பு கொறையுதுன்னு சொன்னாங்க. அதுக்கு." டாக்டரின் பேனா தாளுக்கு மேலே நின்றது. பக்கத்தில் நின்ற நர்ஸ் ஜெல் பாட்டிலை எடுத்து, மூடி, அலமாரியில் வைத்தாள். வைத்த சத்தம் கொஞ்சம் பலமாக இருந்தது. டாக்டர் தாளில் பேருக்கான இடத்தைக் காலியாக விட்டு, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

படி இறங்கும்வரை வாயை மூடிக்கொண்டு வந்த வெள்ளத்தாய், வாசலில் இளநீர்க்காரனைத் தாண்டினதும் ஆரம்பித்தாள். "எதுக்குடி அந்த ஆள்கிட்ட மனு கினுன்னு? அங்க ஒரு நர்ஸு வேற நிக்கா. காறித் துப்பாத குறையாப் பாக்கா." "பெறகு என்ன பேரச் சொல்ல? இல்லாதவ பேரையா?" "எதையாவது சொல்லுறது. அவ வாய் வச்சு ஒரு பிள்ளையத் தூக்கினது பத்தாதா?" பூங்கனி நின்றாள். மருந்துக்கடை வரிசை, ஆட்டோக்காரர்கள், சக்கர நாற்காலி, வெயில். "அவ வாய் வைக்கல அத்த. என் ரத்தம்தான் அவன அழிச்சுச்சு. என் ரத்தத்துல ஒண்ணு இருக்கு, அது உள்ள போயி இருதயத்த அறுத்துருச்சு. டாக்டரம்மா எழுதிக் காட்டிட்டா. எனக்குப் போன வருஷமே தெரியும்." வெள்ளத்தாய் அவளைப் பார்த்தாள். கத்துவாள் என்று பூங்கனி காத்திருந்தாள், கத்தினால் தேவலை. வெள்ளத்தாய் டிபன் பாக்ஸ் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "காளிராசுக்குத் தெரியுமா?" "தெரியாது." "தெரிய வேண்டாம்." கொஞ்சதூரம் நடந்தார்கள். "நீ எங்கிட்டச் சொல்லல. நானும் கேக்கல. பஸ் வருது பாரு, ஏறு." அவ்வளவுதான். வெயிலோ நிழலோ ஒன்றும் மாறவில்லை. ஒரு வருஷமாகத் தொண்டையில் வைத்திருந்ததை இறக்கிவைத்தால் அத்தை அதைப் பையோடு பையாக வாங்கி இடுக்கிக்கொண்டாள். இனி ரெண்டு பேரும் அதைச் சுமந்துகொண்டு ஒரே வீட்டில் இருக்க வேண்டும்.

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது. கண்டக்டர் வந்தான். "செங்காட்டூர் விலக்கு ரெண்டு" என்று வெள்ளத்தாய் சொல்லி முடிக்கும் முன்னே பூங்கனி, "ஒண்ணு. இன்னொண்ணு வடக்குப் பாறைப்பட்டி" என்றாள். பாறைப்பட்டி, விலக்கைத் தாண்டி இன்னும் ஒன்பது மைல். "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவ வாசல்ல போயி நிப்ப?" என்றாள் வெள்ளத்தாய், கண்டக்டருக்குக் கேட்காத குரலில். "இதே மூஞ்சிதான் அத்த, வேற மூஞ்சி இல்ல." பஸ் கிளம்பியது. காலையில் முதல் பஸ்ஸுக்குப் போய் முதல் வேளை, அங்கேயே எங்காவது உட்கார்ந்து கை வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் ரெண்டாவது வேளை, கடைசிப் பஸ்ஸுக்குத் திரும்பினால் தனுஸ்ரீ தூங்கியிருப்பாள். ஆறு வாரம். காலியாக விட்ட தாள் மடியில் இருந்தது. ஜெசிந்தா என்ன செய்வாள்? திட்டுவாள் என்று நினைத்துப் பார்த்தாள். திட்டினால் நல்லது, நின்று வாங்கிக்கொள்ளலாம். கதவைச் சாத்துவாள் என்று நினைத்துப் பார்த்தாள். அது அதைவிட நல்லது, சாத்தின கதவுக்கு முன்னால் பதினோரு நாள் நின்றுவிட்டு வரலாம், கணக்குத் தீரும். எவ்வளவு முட்டினாலும் ரெண்டும் மனசில் நிற்கவில்லை. அவள் மனுவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். எத்தனை மாசம் என்று கேட்பாள். கருவியின் முனை சில்லென்று படக் கூடாதே என்று உள்ளங்கையில் வைத்துச் சூடு பண்ணிக்கொண்டு, பாயைத் தட்டிப் போடுவாள். அவள் அப்படித்தான் செய்வாள், வேறு மாதிரி செய்ய அவளுக்குத் தெரியாது. மேற்படி செவிலியர் என்று எழுதின அன்றைக்கும் பூங்கனிக்கு இது தெரியும்.